கரவொலியும் நீதியும்

ஒருவரின் தனிவாழ்வை மதிப்பிடுங்கால் அவருடைய திறமையையும் கருத்திற் கொள்ளுதல் முறையாகுமா? அறவியலில் மீண்டும் மீண்டும் எழும் இவ்வினாவுக்குப் பிரித்தானிய நடிகர் ஜோன் கில்குட்டின் வாழ்க்கை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1904இல் இலண்டனிற் பிறந்த கில்குட், புகழ்பெற்ற நடிகை எலன் டெரியின் சகோதரியுடைய பேரனாவார். 1930இல் ஓல்ட் விக் அரங்கில் ஹம்லெட்டாக நடித்துப் பெரும்புகழ் எய்தினார். ஷேக்ஸ்பியரின் செய்யுளைப் பொருளும் இசையும் குன்றாது உரைப்பதில் அவருக்கு நிகரானோர் அரியர் என்பர். 1953 ஜூனில், முடிசூட்டு விழாவையொட்டி அவருக்குச் 'சேர்' பட்டம் வழங்கப்பட்டது.

அதே ஆண்டு ஒக்டோபரில், இலண்டனின் செல்சிப் பகுதியில் ஓர் இரவு அவர் கைதானார். பொதுவிடத்தில் ஆண்களின் உறவை நாடினார் என்பதே குற்றச்சாட்டு. அன்றைய ஆங்கிலச் சட்டம் தன்பாலுறவைக் குற்றமாகவே கொண்டிருந்தது. தம் தொழில் யாதென வினவப்பட்டபோது, தாம் ஓர் எழுதுவினைஞர் என அவர் கூறினார். நீதவான் 10 பவுண் தண்டம் விதித்ததோடு, வைத்தியரை நாடுமாறும் பணித்தார். செய்தி பத்திரிகையில் வெளிவந்தது.

சில நாள்களில் லிவர்பூலில், என். சி. ஹன்டரின் நாடகமொன்றில் அவர் தோன்ற வேண்டியிருந்தது. மேடையேற அஞ்சி நின்றவரை உடன்நடித்த மூதாட்டி சிபில் தோண்டைக் அழைத்து வந்தார். சபையோர் எழுந்து நின்று கரவொலி எழுப்பினர்.

மனத்தை நெகிழ்விக்கும் காட்சிதான் இது. எனினும் அக்கரவொலியின் பொருள் யாது? அது மன்னிப்பாயின், அங்குக் குற்றம் ஒன்று இருந்ததென்பதை அது ஒப்புக்கொள்கின்றது. கலைக்குரிய நன்றியாயின், கலைஞரல்லாதார்க்கு அதிற் பங்கில்லை. கில்குட் பொய்யாகச் சொல்லிக்கொண்ட அந்த எழுதுவினைஞர் உண்மையிலேயே ஒருவர் இருந்திருப்பின், அவர் நிலை யாதாகியிருக்கும்? வேலையும் சுற்றமும் இழந்து நிற்பவருக்கு ஏற மேடையுமில்லை. எழுந்து நிற்கச் சபையுமில்லை.

திறமை மட்டும் எவரையும் காத்துவிடவில்லை என்பதற்குக் கணிதமேதை அலன் டியூரிங் சான்று. இரண்டாம் உலகப்போரில் ஜேர்மானிய மறைகுறிகளை உடைப்பதில் அவர் ஆற்றிய பணி அரச இரகசியமாயிருந்தது. 1952இல் தன்பாலுறவுக்காகக் குற்றவாளியாகக் காணப்பட்டு, சிறைக்கு மாற்றாக ஓமோன் சிகிச்சையை ஏற்ற அவர், 1954இல் இறந்தார். உலகறிந்த திறமைக்குக் கருணை கிடைத்தது. உலகறியாத திறமைக்கு அதுவும் கிடைக்கவில்லை. தகுதி நோக்கி அளிக்கப்படும் கருணை எத்துணை நிலையற்றது என்பதை இவ்வேறுபாடு காட்டுகின்றது.

உள்ளங்கள் மாறிய பின்னரே சட்டம் மாறும், லிவர்பூற் சபையின் கரவொலி அம்மாற்றத்தின் முதலொலி என ஒருவர் வாதிடலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. 1957இல் வுல்பென்டன் குழு சட்டத்திருத்தத்தைப் பரிந்துரைத்தது. 1967இல் இங்கிலாந்திலும் வேல்சிலும், 21 வயது நிரம்பிய ஆடவர் தனிமையில் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமாகாதென்று சட்டமியற்றப்பட்டது. எனினும் அதுவும் முழுமையானதன்று. கில்குட் மீது சுமத்தப்பட்டதையொத்த குற்றம் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீடித்தது. ஆயினும் கரவொலி ஒருவருக்கு மட்டுமே அளித்ததைச் சட்டம் பெயரறியாப் பலருக்கும் அளிக்கத் தொடங்கியது. வள்ளுவர் கண்ணோட்டத்துக்கும் நடுவுநிலைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பவல்லதன்று.

கில்குட் பின்னரும் நெடுங்காலம் நடித்தார். 'ஆர்தர்' திரைப்படத்தில் பணியாளராக நடித்து ஒஸ்கார் விருதும் பெற்றார். தம் தனிவாழ்வு பற்றிப் பொதுவிற் பேசாமலே 2000ஆம் ஆண்டில் மறைந்தார். அம்மௌனத்தைக் கோழைமை எனல் எளிது. ஆனால் பேசுவோரைத் தண்டித்த சமூகம், பேசாதவரைக் குறைகூறும் உரிமையை எங்ஙனம் பெறும்?

1994 முதல் இலண்டன் அரங்கொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அது அவருடைய கலைக்குரிய சிறப்பு, அவருக்குத் தகும். ஆனால் எந்தச் சிறப்புமில்லாத எழுதுவினைஞர் ஒருவரும் அச்சமின்றி வீதியில் நடக்கவியலுமா என்பதைக் கொண்டே ஒரு சமூகத்தின் அறம் அளக்கப்படல் வேண்டும்.