பெரிய உடையாரும் நீலக்குறிஞ்சியும்



நீலகிரியிலும் மூணாற்றை அடுத்த மலைகளிலும் நீலக்குறிஞ்சி என்றொரு செடி உண்டு. 12 ஆண்டுகள் வெறும் புதராய் நின்று, ஒரே ஒருமுறை சாரல் முழுவதும் நீலமாகப் பூத்து, விதை உதிர்த்து மடிவது அதன் இயல்பு. மூணாற்றுப் பக்கம் 2006-இல் பூத்தது. மீண்டும் 2018-இல் பூத்தது. இடைப்பட்ட காலத்தில் அவ்வழியே சென்றவர்க்கு அது வெறும் காட்டுச்செடிதான். (குறிஞ்சி முருகவேளுக்குரிய பூவாயிற்றே, எம்பெருமான் உத்ஸவ மலரில் அதற்கென்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நீலத்தைக் கண்டால் நமக்கு வேறு எவர் நினைவு வரும்?)

பெரிய உடையார் என்று நம் பெரியோர் போற்றும் ஜடாயுவை எண்ணுந்தோறும் அடியேனுக்கு இச்செடியே நினைவுக்கு வருகிறது. தாம் பிறந்து 60,000 ஆண்டுகள் ஆயின என்று அக்கழுகரசரே இராவணனிடம் கூறுவதாக ஸ்ரீவால்மீகி பகவான் அருளுகிறார். அத்தனை ஆண்டுகளில் அவர் செய்ததாக உலகம் பேசுவது ஒரு நாளைப் போர் ஒன்றையே. பிராட்டியின் அபயக்குரல் செவியில் விழுந்தபோது அவர் உறங்கிக்கொண்டிருந்தார். விழித்தார். எதிரி இளைஞன், தேரும் வில்லும் கவசமும் உடையவன். தாமோ கிழவர். அதை வாய்விட்டுச் சொல்லியே எதிர்த்தார். இராவணன் வில் முறிந்தது, தேர் பொடியாயிற்று. முடிவில் வாளால் அவர் சிறகுகள் அறுப்புண்டன.

உவமை இதுவரையில்தான் பொருந்தும். காலம் வந்தால் குறிஞ்சி மலையளவு கூட்டமாகப் பூக்கிறது. விதையும் விட்டுச் செல்கிறது. ஜடாயுவோ தனியர். பிராட்டியை மீட்கவும் இல்லை, தோற்றார். “வயது போயிற்று, இனி என் கைங்கர்யத்தால் என்ன ஆகப்போகிறது?” என்று சந்நிதி வாசலில் பெருமூச்சு விடும் முதியோரை அடியேன் அறிவேன். அவர்கள் செவிசாய்த்துக் கேட்கவேண்டிய கட்டம் இது. குருதி தோய்ந்த உடலைக் கண்டு, பிராட்டியை உண்டவன் இவனே என ஐயுற்று வில்லெடுத்த பெருமாள், உண்மை அறிந்ததும் வில்லை எறிந்து அப்பறவையைத் தழுவி அழுதார். தசரத சக்கரவர்த்திக்குத் தம் கையால் ஈமக்கடன் ஆற்றும் பேறு கானகத்தில் இருந்த அவருக்கு வாய்க்கவில்லை. அக்கடனை ஒரு பறவைக்குச் செய்தார். தாமே தீமூட்டி, கோதாவரியில் நீர்க்கடன் கழித்து, உயர்ந்த உலகங்களுக்குச் செல்ல விடை கொடுத்தார்.

காஞ்சிக்கு மேற்கே திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாள் ஸேவை ஸாதிக்கிறார். புள்ளைக் குழியிலிட்ட தலமாதலின் அப்பெயர் என்பர். அங்குள்ள தீர்த்தத்துக்கு இன்றும் ஜடாயுவின் பெயரே வழங்குகிறது. ஸேவிக்கச் செல்லும் அன்பர்கள் அக்கரையில் சற்று நின்றுவிட்டு உள்ளே செல்லலாம்.