வாய் திறவாத பொய்

பஞ்சசீலத்துள் நான்காவதாகிய பொய்யாமையை நம்மவர் பெரும்பாலும் நாவோடு மட்டுமே சேர்த்து எண்ணுகின்றனர். சொன்னால்தான் பொய், சொல்லாதிருந்தால் பொய்யன்று என்பது உலகத்தார் கணக்கு. இக்கணக்குச் சரிதானா என்னும் ஐயம் எனக்கு ஒரு வீட்டின் காரணமாக எழுந்தது.

பெங்களூரில் நம் உபாசகர் ஒருவர், வயதில் எனக்கு இளையவர், சேமநிதிப் பணத்தையும் மனைவியின் நகை விற்ற பணத்தையும் சேர்த்து, மாசி மாதத்தில் பழைய வீடொன்றை வாங்கினார். சாதி கேட்டு வாடகைக்கே வீடு மறுக்கப்பட்ட குடும்பத்திற்குச் சொந்தக் கூரை என்பது இன்னதென்று நம் அன்பர்கட்கு யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீடு புதுச் சுண்ணாம்புப் பூச்சோடும் சாம்பிராணி மணத்தோடும் இருந்தது. பின்னறைத் தரையில் புதிய விரிப்பு ஒட்டப்பட்டிருந்தது. ஆனி மாதத்து மழை தொடங்கியதும் அவ்வறையினின்று தாங்கவொண்ணா நாற்றம் கிளம்பிற்று. விரிப்பை உரித்துப் பார்க்க, சிவப்புத் தரை முழுதும் கறை. கதவின் அடியில் நகத்தால் பிறாண்டிய பள்ளங்களை மக்கு வைத்து அடைத்து வர்ணம் பூசியிருந்தனர். முன்னிருந்தவர் இரண்டு நாய்களை ஆண்டுக்கணக்கில் அவ்வறையில் பூட்டி வைத்திருந்த செய்தியை அண்டை வீட்டார் அப்போதுதான் சொன்னார்கள். சிறுநீர் உலர்ந்தாலும் அதன் உப்பும் அமிலமும் காரையின் நுண்துளைகளில் தங்கிவிடும். கழுவினால் எளிதில் கரையா. காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் நாற்றம் மீண்டும் எழும். வறண்ட நாளில் வீடு பார்ப்பவர் இதை அறிய வழியில்லை. நாய்களின் மேல் குற்றமில்லை. பூட்டிய அறையில் அவை வேறென்ன செய்யும்?

விற்றவரிடம் கேட்டதற்கு, "நீர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பொய் ஒன்றும் உரைத்தேனில்லை" என்றாராம்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில், இவர் பக்கம் சாய்வதுபோல் ஓர் உதாரணம் உண்டு. குதிரையை ஏலத்தில் விற்பவன் அதன் குறையை அறிந்தும் வாளாவிருந்தால் அது மோசடியன்று. வாங்குபவள் அப்போதுதான் வயது வந்த அவன் மகளாயின், சொல்லக் கடமைப்பட்டவன். ஆனால் வீடு நிலம் பற்றிய 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கண்டிப்பானது. தான் அறிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் காணமுடியாததுமான முக்கியக் குறையை விற்பவர் தெரிவித்தே ஆகவேண்டும், தெரிவியாமை மோசடியே.

வழக்காடப் பணமில்லாத உபாசகர் ஒருநாள் மாலை என்னிடம் வந்தார். "அண்ணா, நானும் வெள்ளையடித்துக் கோடையில் விற்றுவிடுகிறேன். கேட்டால் சொல்வேன், கேளாவிட்டால் சொல்லமாட்டேன். சீலம் கெடுமா?" என்றார்.

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. ஆலையில் மடிப்புப் பகுதியில் இருந்த நாளில், இழை அறுந்த இடம் உள்மடிப்பில் போகுமாறு துணியை மடித்தவன் யான். மேஸ்திரி சொன்னார், செய்தேன். அதைப் பொய்யென்று அன்று நினைத்ததேயில்லை.

பிக்குகளின் உபோசத நாளை அவருக்கு நினைவூட்டினேன். பாதிமோக்கம் ஓதுகையில், தூயரா என்று மும்முறை வினவப்படும். வாளாவிருப்பவர் தூயர் எனக் கொள்ளப்படுவர். ஆதலின் தம் குற்றத்தை நினைவில் வைத்துக்கொண்டே வாளாவிருப்பவர், அறிந்தே பொய் சொன்னவர் ஆகிறார்.

"அங்கே மும்முறை கேட்கிறார்கள். என்னிடம் ஒருவரும் கேளாவிட்டால்?" என்றார்.

நல்ல கேள்வி, சற்றுத் திணறினேன். பின்னர் தோன்றிற்று: விலை கேட்பதும் கேள்விதானே! பழுதில்லாத வீட்டின் விலையைச் சொல்லும்போதே வீடு பழுதில்லாதது என்று சொல்லியாயிற்று. வெள்ளையடித்த சுவரும் அதையே சொல்லும். பொய் உடலாலும் நிகழும் என்பது நம் நூல்களின் முடிபு. நல்ல வீட்டிற்கென்று கொடுத்த பணத்தைக் கெட்ட வீட்டிற்கு எடுத்துக்கொண்டால் இரண்டாம் சீலத்தின் நிலையும் ஐயத்திற்குரியதே.

"அப்படியானால் நஷ்டம் என் தலையிலா, அண்ணா?"

ஆம் என்பது எளிது. சேமநிதியை இழந்தவன் யான் அல்லன். வழக்கறிஞரான அன்பர் ஒருவர் கட்டணமின்றி அறிவிப்பு அனுப்பினார், பதில் வரவில்லை. நம்மில் கொத்தர் இருவர் உண்டு. மூன்று ஞாயிறுகள் சென்று, தரையைக் கறை தீருமட்டும் பெயர்த்து, சுவர்ப்பூச்சையும் முழங்கால் உயரத்திற்கு உதிர்த்தோம். நாற்றம் பெரும்பாலும் குறைந்துள்ளது, முற்றும் போகவில்லை. விற்பதாயின் அவ்வறையின் கதையைச் சொல்லியே விற்பதாக உபாசகர் இசைந்திருக்கிறார். அவர் மனைவி இன்னும் இசையவில்லை, நகை அவருடையது.