பிரியுமுன் பழகும் குரல்

பொங்கலுக்கு ஊர் போகும் கூட்டம் திரளும் இரவில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் நின்றவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும். "மதுரை, மதுரை" என்றும் "திருநெல்வேலி, நாகர்கோவில்" என்றும் கூவும் குரல்கள், ஓயாத ஒலிபெருக்கி, பின்னால் வரும் பேருந்துக்கு வழிகாட்டும் விசில். இதற்கு நடுவே எத்தனையோ தாய்மார்கள் "கண்ணா, இங்க வாடா" என்று கூப்பிடுகிறார்கள். சொல் எல்லோருக்கும் ஒன்றுதான். பிள்ளை திரும்புவதோ ஒரே ஒரு குரலுக்கு. முகமே தெரியாத நெரிசலிலும் அந்தக் குரல் வந்த திக்கில் நடந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறது.

பல கடற்பறவைகளின் குடும்பம் நடப்பதே இந்தத் திறமையால்தான்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடலில் தலைகாட்டும் மணல் திட்டுகளில் ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிடுகின்றன. கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. மணலில் ஒரு சிறு குழி, அவ்வளவே. பொரித்த சில நாட்களில் குஞ்சு அந்தக் குழியை விட்டு நகர்ந்து, கிடைத்த மறைவில் பதுங்கிக்கொள்ளும். கொண்டை ஆலாக்களின் குஞ்சுகள் கும்பலாகத் திரண்டு அலையும். அலகில் மீனோடு கடலிலிருந்து திரும்பும் பெற்றோருக்கு, குஞ்சை விட்டுப்போன இடம் இப்போது உதவாது. பார்த்துக் கண்டுபிடிப்பதும் எளிதன்று, மணலோடு மணலாகக் கலந்துவிடும் நிறம் குஞ்சுக்கு. ஆகவே தாயோ தந்தையோ பறந்தபடியே குரல் கொடுக்கிறது. தன் பெற்றோரின் குரலைக் கேட்ட குஞ்சு பதில் கொடுத்துக்கொண்டே ஓடிவருகிறது. ஆலாக்களைப் பற்றி 1970-ல் வெளியான ஆய்வொன்றில், பெரிய பறவைகளின் குரல்களைப் பதிவு செய்து குஞ்சுகளுக்குக் கேட்க வைத்தார்கள். பிறந்து நான்கே நாளான குஞ்சுகளுக்குக்கூட, தங்கள் பெற்றோர் யார், அயலார் யார் என்று தெரிந்திருந்தது.

வட அட்லாண்டிக் கடலோரப் பாறைகளில் வாழும் கில்லிமோட் பறவையின் கதை இதையும் மிஞ்சியது. அது கூடு கட்டுவதில்லை. செங்குத்தான பாறையின் குறுகிய விளிம்பில், தோளோடு தோள் உரச நிற்கும் கூட்டத்தின் நடுவே, ஒற்றை முட்டையை வெறும் கல்லின்மேல் இட்டு அடைகாக்கிறது. பொரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சு குரல் கொடுக்கத் தொடங்கும். அடைகாக்கும் பறவையும் முட்டையைப் பார்த்துக் குரல் கொடுக்கும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பேயாட் ட்ஷான்ஸ் என்ற ஆய்வாளர், பொரிக்கவிருந்த முட்டைகளுக்கு ஒரு குறிப்பிட்ட பறவையின் குரலை மட்டும் கேட்க வைத்தார். ஓட்டை உடைத்து வெளியே வந்த குஞ்சுகள் அந்தக் குரலை நாடிப் போயின, வேறு குரல்களைப் பொருட்படுத்தவில்லை. 1968-ல் அவர் இதை வெளியிட்டார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, ஓட்டுக்குள் இருந்தபடியே, குரலோடு உறவு தொடங்கிவிடுகிறது.

ஏன் இத்தனை அவசரம்? மூன்று வாரத்தில் அந்தக் குஞ்சு பாறையிலிருந்து குதித்தாக வேண்டும். இறகு முழுதாக முளைத்திருக்காது, பறக்கவும் வராது. அந்தி மயங்கும் நேரத்தில் கீழே கடலில் மிதந்தபடி தந்தை அழைக்கிறது. அதே நேரத்தில் எத்தனையோ தந்தைகள் அழைக்கின்றன, எத்தனையோ குஞ்சுகள் குதிக்கின்றன. இருட்டும் அலையும் சேர்ந்த அந்தக் குழப்பத்தில் தந்தையும் பிள்ளையும் ஒன்றையொன்று தேடிச் சேர்வது குரலால்தான். அதன் பிறகு வாரக்கணக்கில் தந்தைதான் அதை நடுக்கடலில் ஊட்டி வளர்க்கிறது.

எல்லாக் கடற்பறவைகளும் இப்படி அல்ல என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. கிட்டிவேக் என்றொரு கடற்காகம் உண்டு. செங்குத்துப் பாறையின் சிறு விளிம்பில் கூடு கட்டும், குஞ்சு பறக்கும்வரை கூட்டைவிட்டு நகராது. நகர்ந்தால் கீழே விழவேண்டியதுதான். விலங்குகளின் நடத்தை ஆய்வுக்காக 1973-ல் நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கனின் மாணவி எஸ்தர் கல்லன் இவற்றை ஆராய்ந்து 1957-ல் எழுதினார். வேறொரு குஞ்சைக் கூட்டில் வைத்தாலும் கிட்டிவேக் அதைத் தன் பிள்ளையாகவே ஊட்டுகிறது. கூட்டில் இருப்பது தன்னுடையதாகத்தான் இருக்கும் என்பதால் அடையாளம் பார்க்கும் தேவை அதற்கு வந்ததே இல்லை. தரையில் கூடு கட்டும் ஹெர்ரிங் கடற்காகமோ, குஞ்சு பொரித்த ஐந்தாறு நாட்களில் தன் பிள்ளை எது என்று கற்றுக்கொண்டுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் குஞ்சு தூரம் போகத் தொடங்கும்.

கிட்டிவேக்குக்குப் பாசம் குறைவு என்று இதற்குப் பொருளல்ல. பிரியாதவர்களுக்கு இடமே அடையாளமாகப் போதும். பிரிந்து போகிறவர்களுக்குக் குரல் வேண்டும். அந்தக் குரலும் பிரிவு வந்த பிறகு பழகுவதில்லை, பிரிவதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

கிளாம்பாக்கத்தைச் சுற்றி, வண்டலூரில், ஊரப்பாக்கத்தில், கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் குடியேறியவர்களில் பலர் தெற்கிலிருந்து வந்தவர்கள். ஊரில் இருக்கும் அம்மாவின் ஒரு "என்னப்பா" கேட்டால் போதும், அவருக்கு உடம்பு சுகமா இல்லையா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காது தொலைபேசியில் பழகியதல்ல, சமையலறை வாசலிலும் திண்ணையிலும் பல வருடம் கேட்டுக் கேட்டுப் பழகியது. இப்போது நம் பிள்ளைகளின் முறை. நாளை அவர்களும் பெங்களூருக்கோ, கடல் தாண்டியோ போவார்கள். கூட்டைவிட்டு நகராத குஞ்சுகளை நாம் வளர்க்கவில்லை. ஆகவே நம் குரல் அவர்களுக்குள் பதிய வேண்டிய காலம் இதுதான், அவர்கள் நம்மோடு ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் இந்தக் காலம்.

மனிதக் குழந்தையும் இதற்கு ஆயத்தமாகவே பிறக்கிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் வேறொரு பெண்ணின் குரலைவிடத் தங்கள் தாயின் குரலைக் கேட்பதற்காகவே சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டன என்று டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980-ல் காட்டினார்கள். தொடக்கம் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. அதைத் தொடர்வது நம் கையில் இருக்கிறது.

அதைத் தொடர இரண்டு வழிகள் உண்டு. ஒன்றை ராஜ பெங்குவின்கள் காட்டுகின்றன. அவற்றுக்கும் கூடு கிடையாது, ஆயிரக்கணக்கான பறவைகள் நடுவே குஞ்சு நிற்கும். பெற்றோரின் குரலில் கால் நொடி காதில் விழுந்தாலே அது கண்டுகொள்ளும். காற்று பலமாக வீசி இரைச்சல் கூடும்போது, பெரிய பறவைகள் அழைப்பைத் திரும்பத் திரும்ப எழுப்புகின்றன. பிள்ளை கேட்கவில்லை என்றால், கோபத்தில் ஒரு முறை கத்துவதைவிடப் பொறுமையாகப் பலமுறை சொல்வதே குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இன்னொன்றைச் சிவகங்கை மாவட்டத்து மக்கள் காட்டுகிறார்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூடு கட்டியிருக்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. ஒரு குரல் கேட்க வேண்டுமானால், சுற்றியிருப்பவர்கள் கொஞ்சம் அமைதி காக்க வேண்டும். ஓர் ஊரே செய்வதை ஒரு வீடு செய்ய முடியாதா? இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்தினாலே வீட்டில் அரைமணி நேரம் அமைதி கிடைத்துவிடும்.

விடுமுறையில் பிள்ளைகளை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போகும்போது, புலியையும் சிங்கத்தையும் பார்த்த பிறகு ஓட்டேரி ஏரிப் பக்கமும் போங்கள். கொக்குகளும் நீர்க்காகங்களும் வந்தடையும் பருவத்தில், பத்து நிமிடம் பேசாமல் நின்று கேளுங்கள். முதலில் எல்லாம் ஒரே கூச்சலாகத்தான் இருக்கும். கேட்கக் கேட்கத் தனித்தனிக் குரல்கள் பிரிந்து வரும். கவனித்துக் கேட்பதைப் பிள்ளைகள் அங்கே பழகிக்கொள்வார்கள்.

நாம் நம் பிள்ளைகளைக் கூப்பிடும்போதெல்லாம் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டளை பின்னால் வருகிறது: "எழுந்திரு", "பாடத்தை முடித்தாயா", "செருப்பை ஒழுங்காக வை". கட்டளைகளும் தேவைதான். ஆனால் கில்லிமோட் முட்டைக்குக் கொடுக்கும் குரலில் கட்டளை எதுவும் இல்லை. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று கேட்பதுபோல்தான் அது இருக்கிறது. ஓட்டுக்குள்ளிருந்து பதிலும் வருகிறது.

இன்று ஒருமுறை உங்கள் பிள்ளையை, அல்லது ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவை, அப்பாவை, வேலை எதுவும் சொல்லாமல், செய்தி எதுவும் கேட்காமல், சும்மா கூப்பிடுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முழுதாகக் கேளுங்கள். நாளையும் அப்படியே கூப்பிடுங்கள்.