உடையவர் ஊரும் ஒப்படைத்த தகவலும்

நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒன்றைப் பிறர்க்கு வெளிப்படுத்துவது எப்போது அறமாகும், எப்போது துரோகமாகும் என்னும் கேள்வி ஸ்ரீபெரும்புதூருக்குப் புதியதன்று. அவ்வூரில் அவதரித்த, உடையவர் எனப்படும் இராமாநுசர், தம் ஆசாரியரான திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை சென்று பெற்ற மந்திரப் பொருளை, வெளியிட்டால் நரகம் புக நேரும் என்ற ஆணையையும் மீறிக் கோயில் மீதேறி எல்லார்க்கும் உரைத்தார் என்று வைணவ மரபு போற்றுகிறது.

அவ்வூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் ஆலைப்பகுதியில் இன்று ஒப்படைக்கப்படுவது வேறுவகைப் பொருள். கார் வாங்கியவர் பழுதென்று சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுவரும்போது, அவருடைய பெயர், செல்பேசி எண், சேஸிஸ் எண், வண்டி ஓடிய கிலோமீட்டர், பழுதின் விவரம் ஆகிய யாவும் வாரண்டி கோரிக்கையுடன் ஒரே எக்செல் தாளில் ஆலையின் தரப்பிரிவை வந்தடையக்கூடும். பழுதின் காரணத்தை ஆராயும் பொறியாளருக்குச் சேஸிஸ் எண்ணும் பழுதின் விவரமும் போதுமாயிருக்க, அத்தாளை அப்படியே உதிரிபாக சப்ளையரின் வாட்ஸ்அப் குழுவில் அவர் பகிர்ந்தால், வேலை விரைவாக முடிந்தாலும் ஒருவருடைய நம்பிக்கை அவர் அறியாமலே கைமாறிவிடுகிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் இயற்றப்பட்ட 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலை எதற்காக, எவ்வாறு கையாள்வது என முடிவெடுக்கும் நிறுவனத்தை அதன் உரிமையாளராக அல்லாமல் நம்பிக்கைப் பொறுப்பாளராக, அதாவது பிறர் பொருளைக் காத்து வைத்திருப்பவராகக் கருதுகிறது. ஒப்புதல் என்பது குறிப்பிட்ட நோக்கத்திற்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே செல்லும் என்றும், நிறுவனத்தின் சார்பில் தகவலைக் கையாளும் வெளியார் தவறினாலும் பொறுப்பு நிறுவனத்தையே சாரும் என்றும் அது விதிக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

மறைத்துவைப்பதைவிடப் பகிர்வதே உயர்ந்தது என்பார் இராமாநுசரைச் சான்றாகக் காட்டலாம். ஆயினும் அவ்வொப்புமை நிற்காது. மந்திரம் எத்தனை பேர் அறிந்தாலும் யாரையும் குறைப்பதில்லை. வெளியிட்டதன் தண்டனையையும் அவர் தம்மீதே ஏற்றுக்கொண்டார். செல்பேசி எண் கசிந்தாலோ, மோசடி அழைப்பின் கேடு அனுப்பியவரைத் தொடாமல், அவ்விடத்தில் இல்லாத, மறுத்துரைக்க வாய்ப்பே பெறாத உரியவரைச் சென்றடைகிறது. இழப்பு யாரைச் சேர்கிறது என்பதே இங்கு அறத்தின் அளவுகோல்.

அவ்வளவுகோலால் சட்டத்தையும் அளக்கவேண்டும். பாதுகாப்பில் தவறிய நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ஆனால் அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்கிறது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்க வகைசெய்திருப்பதால், நம்பி ஒப்படைத்தவர்க்கு ஈடு செய்யும் கடமை அதில் இடம்பெறாமலே போயிற்று.