பீரோவின் மேலிருக்கும் அமானிதம்

1980-களில் வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வந்த நம் சபராளிகள் கொண்டுவந்த சாமான்களில் வீடியோ டெக்கும் ஒன்று. ஊரில் நடக்கும் நிகாஹ்வைப் படம்பிடித்து, அந்தக் கேஸட்டைத் துபாய்க்கும் சவூதிக்கும் அனுப்பிவைப்பது பல வீடுகளில் வழக்கமாக இருந்தது. வரமுடியாத மகன் அங்கே அதைப் பார்த்துக் கண் கலங்குவான். அந்தக் கேஸட்டுகள் இன்று பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கின்றன.

படம்பிடிப்பது கூடுமா, கூடாதா என்பதில் ஆலிம் பெருமக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் நுழையவில்லை. பிடித்தாயிற்று. அவற்றை இனி என்ன செய்வது என்பதே நம் கேள்வி.

காலமும் அதிகமில்லை. இந்தக் கேஸட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகல பாலியஸ்டர் நாடா. அதன்மேல் காந்தத் துகள்கள் பசையால் ஒட்டப்பட்டுள்ளன. ஈரக்காற்றில் பசை இளகும், பூஞ்சை படரும். நம் கடலோர ஊர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! 1976-ல் ஜப்பானில் ஜேவிசி நிறுவனம் அறிமுகப்படுத்திய இவ்வகை டெக்குகளைக் கடைசிவரை தயாரித்து வந்த ஃபூனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே, டெக் கிடைக்கும்போதே இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டுமென்று பலரும் விரைகின்றனர். நாமும் விரைந்தோம்.

எங்கள் ராத்தாவின் 1987-ம் ஆண்டு நிகாஹ் கேஸட்டை டவுனிலுள்ள ஒரு கடையில் கொடுத்தோம். மர்ஹூம் வாப்பா மணமக்களுக்காகக் கையேந்தி துஆச் செய்த குரல் அதில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து மகிழ்ச்சியோடு செய்தியைச் சொன்னோம். ராத்தாவின் முகம் வாடியது.

"தம்பி, அது ஓடும்போது கடையிலே யாரு பார்ப்பா?" என்று மட்டும் கேட்டார்கள்.

நமக்குச் சுருக்கென்றது. மூன்று மணி நேரக் கேஸட்டை ஏற்ற, மூன்று மணி நேரமும் அது டெக்கில் ஓடியே தீர வேண்டும். படம் ஆடுகிறதா, குரல் வருகிறதா என்று ஓர் அந்நிய வாலிபன் கவனித்துக்கொண்டிருப்பான். உள்வீட்டில் முந்தானை விலகச் சிரித்துப் பேசிய நம் பெண்களையும் அவன் காண்பான். அன்று அவர்கள் நம் வீட்டார் பார்ப்பார்கள் என்று நம்பி நின்றவர்கள். அந்தச் சம்மதம் அந்தப் பெட்டிக்குக் கொடுத்த சம்மதம். கம்ப்யூட்டரில் ஏறியது ஒரு நொடியில் ஆயிரம் கைப்பேசிகளுக்குப் போகுமே, அதற்கும் சேர்த்தா அவர்கள் சம்மதித்தார்கள்? சபையில் நடப்பவை அமானிதம் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழி இருப்பதை நாம் எப்படி மறந்தோம்!

மறுநாளே கேஸட்டைத் திரும்ப வாங்கி வந்தோம். நல்லவேளை, அது இன்னும் ஓட்டப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அப்படியானால் எரித்துவிடலாமே என்று சிலர் சொல்லலாம். பாட்டனாரைக் காணாத பேரப்பிள்ளைகளுக்கு அவர் குரலைக் கேட்கும் வாய்ப்பை அழிக்க நமக்கென்ன உரிமை? அதுவும் அமானிதமே.

தெரிந்தவர் ஒருவரிடம் டெக்கை இரவல் வாங்கினோம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் சிறு கருவி ஒன்றும் வாங்கினோம். உம்மாவும் ராத்தாவும் உட்கார்ந்து பார்க்க, வீட்டிலேயே ஏற்றினோம். நிகாஹ் மஜ்லிஸும் வாப்பாவின் துஆவும் எல்லாருக்கும் என்று ஒரு பகுதியாயின. பெண்கள் பகுதி தனியாகி ராத்தாவின் கைக்குப் போயிற்று.

அதில் மர்ஹூமா பெரியம்மாவும் இருந்தார்கள். ஹயாத்தில் அந்நியர் கண்ணில் படாமல் வாழ்ந்தவர்கள். அதையும் குடும்பத்தார் எல்லாருக்கும் அனுப்பலாமே என்றான் மருமகன். "மவுத்தானவங்களுக்கு இனி என்ன மாமா?" என்றான்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போதும் துணி போர்த்தியே நீர் ஊற்றுகிறோம். குளிப்பாட்டியவர், கண்ட குறையை வெளியே சொல்லலாகாது என்கிறோம். உயிர் பிரிந்த உடலுக்கே இத்தனை பேணுதல் என்றால், அவர்கள் உயிரோடு நின்ற உருவத்துக்கு வேண்டாமா? கேஸட் வாரிசுகளுக்குச் சேரும். அதிலுள்ளவரின் மானம் எந்த வாரிசின் பங்கிலும் வராது. மருமகன் தலைகுனிந்தான். அந்தப் பகுதி உம்மாவிடமே இருக்கிறது.

வாசக அன்பர்களே! உங்கள் பீரோவின் மேலும் இப்படியொரு பெட்டி இருக்கலாம். பூஞ்சை பிடித்ததை அப்படியே டெக்கில் போடாதீர்கள். நாடாவும் கெடும், டெக்கும் கெடும். ஏற்றியதை இரண்டு பிரதிகளாக இரண்டு இடங்களில் வையுங்கள். அதற்கெல்லாம் முன்பு, அதில் இருப்பவர்களை ஒருமுறை கேளுங்கள். கேட்க முடியாதவர்களுக்காக நீங்களே வெட்கப்படுங்கள்.

வாப்பாவின் குரலைக் கேட்டு அன்றிரவு எல்லாரும் அழுதோம். அவர்கள் நமக்காகக் கையேந்திய காட்சியைப் பார்த்துவிட்டு, அவர்களுக்காக நாம் கையேந்தாமல் எழுந்து போவது தகுமா? அல்லாஹ் அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.