எந்தச் சபைக்குப் போவது?

ஜூன் மாதம் பிறந்தால் சென்னையின் புறநகர்த் தெருக்களில் புதிதாகக் குடிவந்த குடும்பங்களைப் பார்க்கலாம். அப்பாவுக்கு மாற்றல், அல்லது பிள்ளைகளின் படிப்பு. நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் சாமான்களோடு வந்து இறங்கியிருப்பார்கள். பள்ளி அட்மிஷன், கேஸ் இணைப்பு எல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். கிறிஸ்தவக் குடும்பமென்றால் ஒரு கேள்வி மட்டும் ஞாயிறுதோறும் எழுந்துகொண்டே இருக்கும். எந்தச் சபைக்குப் போவது?

ஊரில் இந்தக் கேள்வியே கிடையாது. தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில், அம்மாவுக்குத் தாலி ஏறிய கோயில், மணி அடித்தால் போக வேண்டியதுதான். பட்டணத்தில் அப்படி இல்லை. ஒரே சாலையில் நாலு ஆலயங்கள் இருக்கின்றன. "நமக்கு சி.எஸ்.ஐ. தானே" என்று பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே போனாலும் வழிபாடு அந்நியமாக இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று, இதே சென்னையில், புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை என்கிற இந்த சி.எஸ்.ஐ. உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று நான்கு மரபுகள் ஒன்றாயின. நெல்லைச் சபைகள் ஆங்கிலிக்கன் மிஷன்கள் வளர்த்தவை. ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்து வரிக்கு வரி பதில் சொல்லிப் பழகியவர்கள். நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன். அங்கே போதகர் மனதிலிருந்து எடுத்து ஜெபிக்கும் வழக்கம் வேரூன்றியது. மன்னார்குடிப் பக்கம் வெஸ்லியன் மிஷன். பலகை ஒன்றானாலும் பழக்கம் இன்னும் முழுக்க ஒன்றாகவில்லை. ஆகவே முதல் ஞாயிறு மனம் ஒட்டவில்லையென்றால் அது அந்தச் சபையின் குறையும் இல்லை, உங்கள் குறையும் இல்லை. கொஞ்சம் பொறுங்கள்.

பல குடும்பங்கள் பிரசங்கத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. "அங்கே ஐயர் நல்லாப் பேசுறார்" என்று இரண்டு பஸ் மாறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல பிரசங்கம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் போதகருக்குச் சில வருடங்களில் மாற்றல் வரும். பிறகு என்ன செய்வது?

நான் பார்க்கச் சொல்வது வீட்டின் இரண்டு ஓரங்களை. மூத்தவர், இளையவர். பாட்டியைக் கவனியுங்கள். கண்ணாடி இல்லாமலே கீர்த்தனைகளைப் பாடுகிறவர் அவர். 1864இல் மறைந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாட்டுகள் அவர் நாவில் அப்படியே இருக்கின்றன. திரையில் ஓடும் புதுப் பாட்டுகளை மட்டுமே பாடும் ஆராதனையில் அவர் பாமாலைப் புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். கேட்டால் "நல்லாத்தான் இருந்துது" என்பார். அதை நம்பாதீர்கள்.

பேரப்பிள்ளைக்கு வேறு சங்கடம். ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறவன். சங்கீதத்தை மாறிமாறி வாசிக்கும்போது தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படிப்பதற்குள் சபையார் அடுத்த வசனத்துக்குப் போயிருப்பார்கள். இதற்காகப் பல வீடுகளில் பிள்ளைகளை ஆங்கில ஆராதனைக்கும் பெரியவர்களைத் தமிழ் ஆராதனைக்கும் அனுப்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குடும்பம் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். சனிக்கிழமை இரவு அந்தச் சங்கீதத்தைப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பேரன் ஒருமுறை வாசித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவன் குரலும் கேட்கும். ஓய்வுநாள் பள்ளி நன்றாக நடக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாம் வாரம் டீச்சர் உங்கள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அந்தச் சபையை நீங்கள் பாதி தேர்ந்தெடுத்துவிட்டீர்கள்.

மீதிப் பாதி தூரம். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் சுமாரான சபை, பத்து மைல் தள்ளியிருக்கும் பிரமாதமான சபையைவிட மேல் என்பது என் தீர்மானமான எண்ணம். ராத்திரி பதினோரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால் ஆட்டோ பிடித்துக் கொடுக்கவும், ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட உட்காரவும் பக்கத்துத் தெருக்காரர்தான் வருவார். வீட்டு ஜெபக்கூட்டம், பெண்கள் ஐக்கிய சங்கம், கிறிஸ்துமஸ் பவனி, அறுப்பின் பண்டிகைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய்ப் படைப்பது, எல்லாமே அருகில் இருந்தால்தான் நடக்கும்.

தேர்ந்தெடுத்ததும் ஊர்ச் சபையிலிருந்து கடிதம் வாங்கிவந்து பெயரைப் பதிவு செய்யுங்கள். சந்தா கட்டுங்கள். ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். பாடகர் குழுவோ, அசனத்துக்குக் காய் நறுக்குவதோ, எதுவானாலும் சரி. கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க வேண்டும் என்று வரும்போது மட்டும் ஆயர் வீட்டைத் தேடுகிற குடும்பமாக இருந்துவிட வேண்டாம்.

ஏற்கெனவே ஒரு சபையில் வேரூன்றியவர்களிடமும் ஒரு விண்ணப்பம். வருகிற ஞாயிறு கடைசி பெஞ்சில் புதுமுகங்கள் தெரிந்தால், ஆராதனை முடிந்ததும் செருப்பைத் தேடி ஓடாமல், அவர்களிடம் போய் "எந்த ஊர் நீங்க, வீடு எங்கே?" என்று கேளுங்கள். அன்று மாலையே ஒரு நடை அவர்கள் வீட்டுக்கும் போய்வாருங்கள்.