மீட்பும் கழுவாயும்: இரத்தக் காட்டேரிக் கதையொன்று எழுப்பும் அறவினா

தான் தெரிந்தெடுக்காத இயல்பொன்றுக்கு ஒருவன் பொறுப்பாளியாவானா? அவ்வியல்பின் வழிநின்று இழைத்த தீமையிலிருந்து அவன் மீளுதல் கூடுமா? அறவியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் இவ்வினாக்களை, இளைஞர் விரும்பிப் படிக்கும் ஜனரஞ்சக நாவலொன்றை முன்னிறுத்தி நோக்குவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், உயர்ந்த இலக்கியங்கள் மட்டுமே ஆழ்ந்த வினாக்களை எழுப்பும் என்பதற்கில்லை. ஒரு தலைமுறையினர் எதனை விரும்பிப் படிக்கின்றனரோ அதனுள்ளே அவர்தம் அச்சமும் ஏக்கமும் உறைந்து கிடக்கும்.

பிராம் ஸ்ரோக்கர் 1897 இல் எழுதிய ‘டிராகுலா’விலே காட்டேரி என்பது புறத்தேயிருந்து வரும் தீமையாகும். அஃது அழிக்கப்படவேண்டியது. டிராகுலா மடியுங் கணத்தில் அவன் முகத்திலே அமைதி தோன்றியதாக மீனா என்னும் பாத்திரம் குறிப்பிடுகின்றது. அவனுக்கு மீட்பு ஒன்று உண்டெனின் அது மரணத்தின் வாயிலாகவே கிட்டுகின்றது. 1976 இல் வெளிவந்த ஆன் றைஸின் நாவலிலே காட்டேரியே தன் கதையைக் கூறுகின்றான். குற்றவுணர்வும் உடன் வருகின்றது. அமெரிக்க எழுத்தாளரான ஸ்ரெபனி மேயர் 2005 முதல் 2008 வரை நான்கு நாவல்களாக வெளியிட்ட ‘ருவைலைற்’ வரிசை இப்போக்கினை மேலும் ஒருபடி நகர்த்தியது. இங்கே காட்டேரி இறவாமலே, காட்டேரியாக இருந்துகொண்டே, நல்லவனாக வாழ முயல்கின்றான்.

இவ்வரிசையில் அறவியல் நோக்கிற் சிறப்பாகக் கருதத்தக்க பாத்திரம் காதலனாகிய எட்வேட் அல்லன்; அவனை உருவாக்கிய கார்லைலே. கார்லைல் பதினேழாம் நூற்றாண்டு இலண்டனில் அங்கிலிக்கன் போதகர் ஒருவரின் மகன். காட்டேரிகளை வேட்டையாடச் சென்றவிடத்து அவனே கடியுண்டு காட்டேரியானான். தன்னை வெறுத்து உயிர்மாய்க்க முயன்றான், முடியவில்லை. பசியின் கொடுமையில் மான்களின் இரத்தத்தைப் பருகியபோது, மனிதரைக் கொல்லாமலும் வாழலாம் என அறிந்தான். இரு நூற்றாண்டுக் காலப் பயிற்சியின் பின், பீறிடும் குருதியின் நடுவே நின்று நோயாளருக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியனானான்.

இதனை அரிஸ்ரோட்டில் தமது அறவியல் நூலின் ஏழாம் பகுதியிலே கூறும் வேறுபாட்டுடன் இணைத்து நோக்கலாம். தீய வேட்கை உள்ளிருக்க அதனை வென்று நிற்பவன் ஒருவன். அவ்வேட்கையே எழாதவாறு பண்பட்டவன் மற்றொருவன். அரிஸ்ரோட்டில் பின்னவனையே உயர்ந்தவனாகக் கொள்வார். இம்மானுவேல் கான்ற்றோ, விருப்புக்கு மாறாகக் கடமையின் பொருட்டே செயற்படுபவனிடத்தில் அறத்தின் மதிப்பு தெளிவாகப் புலப்படும் என்பார். கார்லைல் முன்னைய நிலையிலிருந்து பின்னைய நிலைக்கு வளர்ந்தவன். இயல்பு விதிக்கப்பட்டதாயினும் பழக்கம் தெரிந்தெடுக்கப்படுவது என்பதை அவன் வாழ்வு உணர்த்துகின்றது. எனவே முதலாவது வினாவுக்கு விடை கிடைக்கின்றது. இயல்பு குற்றமன்று, அவ்வியல்பைக் கொண்டு நாம் என் செய்கின்றோம் என்பதிலேதான் பொறுப்புத் தொடங்குகின்றது.

இரண்டாவது வினாவே கடினமானது. கார்லைல் மனிதரைக் கொன்றவனல்லன், எட்வேட் கொன்றவன். 1918 இல் சிக்காகோவில் இன்புளுவென்சாவால் இறக்குந் தறுவாயிலிருந்த அவனைக் கார்லைல் காட்டேரியாக்கினான். பிறர் எண்ணங்களை அறியும் ஆற்றல் பெற்ற எட்வேட், சில ஆண்டுகள் கார்லைலைப் பிரிந்து கொலைஞரைத் தேடிக் கொன்று இரத்தம் பருகினான். தீயோரைக் கொல்வது தீமையாகாது என்பது அவன் வாதம். ஈற்றில் அவ்வாதம் அவனுக்கே கசந்தது, திரும்பி வந்தான். பின்னர் பெல்லா என்னும் மானிடப் பெண்ணிடம் இதனை வெளிப்படுத்துகின்றான். அவள் அவனை வெறுக்கவில்லை, ஏற்றுக்கொள்கின்றாள்.

இவ்விடத்தில் நாம் சற்றே நிற்றல் வேண்டும். பெல்லா மன்னிக்கின்றாள் எனின், எவரின் பொருட்டு மன்னிக்கின்றாள்? அவளுக்கு அவன் தீங்கிழைத்தானல்லன். தீங்குற்றோர் இறந்துபட்டனர். மூன்றாமவரின் அன்பு குற்றவாளியின் தனிமையைப் போக்கலாம். அவன் கடனைத் தீர்க்கமாட்டாது. தமிழிலே மீட்பு, கழுவாய் என இரு சொற்கள் உள. மீட்பு என்பது அடகிலிருந்து பொருளைத் திரும்பப் பெறுதலையும் குறிக்கும். சமய வழக்கில் அது பிறரொருவரின் அருளால் நிகழ்வது. கழுவாயோ செய்தவன் தானே செய்யவேண்டியது. எட்வேட் மீட்பைப் பெறுகின்றான். அவன் கழுவாய் யாது என்பதை நாவல் போதிய அளவு வினவுவதில்லை.

பௌத்த மரபு கூறும் அங்குலிமாலன் கதை இதனினும் கண்டிப்பானது. பலரைக் கொன்ற அவன் துறவு பூண்டபின்னரும் பிச்சைக்குச் சென்றவிடத்துக் கல்லெறிபட்டுக் குருதி சொரியத் திரும்பினான். அதனைப் பொறுத்துக்கொள் என்பதே புத்தரின் அறிவுரை. உளம் மாறியமை பழைய செயலின் விளைவை அழித்துவிடவில்லை. அதேவேளை, கொலைஞனாயிருந்த அவன் பெயரால் வழங்கும் பிரித் இலங்கையிற் கருவுற்ற தாய்மாரின் நலன் வேண்டி ஓதப்படுவது சிந்தனைக்குரியது. உயிர் பறித்தவனின் பெயர் உயிர் காக்கும் சொல்லாயிற்று. கழுவாய் என்பது இதுவே போலும்.

மேயரின் கதையிலும் இதற்கு நிகரானதோர் இடம் உண்டு. அஃது ஓநாய் மனிதரின் பக்கத்திலே காணப்படுகின்றது. அவர்களை வோஷிங்ரன் மாநிலக் கரையோரத்தில் உண்மையாகவே வாழ்ந்துவரும் குயிலியூற் பழங்குடியினராக ஆசிரியர் சித்திரித்தமை கண்டனத்துக்கு உள்ளாகியமையும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அக்கூட்டத்தின் தலைவன் சாம், சினத்தில் ஒரு கணம் தன்வசமிழந்து ஓநாயாகித் தான் நேசித்த எமிலியின் முகத்தைக் கிழித்துவிடுகின்றான். எமிலி அவனை மன்னிக்கின்றாள். இங்கே மன்னிப்பவள் தீங்குற்றவளே. ஆயினும் தழும்பு மறையவில்லை. ஒவ்வொரு நாளும் அம்முகத்தை நோக்கியே சாம் வாழவேண்டும். அவள் மன்னித்தமையால் அவன் மறந்துவிட உரிமை பெற்றானல்லன். நான்கு நாவல்களிலும் மீட்பின் உண்மையான விலை கூறப்படும் இடம் இதுவென்றே கொள்ளலாம்.

ஈற்று நாவலிலே பெல்லாவும் காட்டேரியாகின்றாள். கார்லைலுக்கு இரு நூற்றாண்டு தேவைப்பட்ட தன்னடக்கம் அவளுக்கு ஏறத்தாழத் தொடக்கத்திலேயே வாய்த்துவிடுகின்றது. கதைக்கு அது இன்பமான முடிவு; அறவியலுக்கோ இழப்பு. போராட்டமின்றி வாய்த்த நன்மையைக் கண்டு நாம் மகிழலாம். அதனிடம் கற்றுக்கொள்வதற்கு அதிகமில்லை.

இளம் வாசகர் இக்கதைகளைக் காதலுக்காகவே படிக்கின்றனர் என்பர். தன்னுள்ளே ஒரு கொடுமை உறைகின்றது என அஞ்சாத இளமை அரிது. ஆதலின் அவ்வச்சத்துக்கு மருந்து தேடியும் படிக்கின்றனர் எனலாம். அன்பு கிடைத்தால் அனைத்தும் தீரும் என்பது இக்கதைகள் தரும் எளிய விடை. அன்பு கிடைத்த பின்னரே கடனடைக்கும் வலிமை பிறக்கின்றது என்பதே அவற்றின் ஓரத்திலே, எமிலியின் தழும்பிலே, எழுதப்பட்டிருக்கும் கடினமான விடை. பின்னதை ஏற்பவனுக்கே மீட்பு என்னும் சொல் பொருந்தும்.